நனைந்த கார்பெட்டில் தொடங்கிய பழுது: ஆதம்பாக்கத்துச் சிறு பட்டறை ஒன்றைப் பற்றி

2024 செப்டம்பர் கடைசியில், மாலை மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த பிறகு காரின் கதவைத் திறந்தபோது, ஈரச் சாக்கு மூட்டையை அவிழ்த்தது போன்ற வாடை அடித்தது. முன் இடப்பக்க இருக்கைக்கு முன்னால் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் அதன் அடியில் கார்பெட் ஊறிப்போயிருந்தது. கையால் அழுத்தினால் விரல்களுக்கிடையே தண்ணீர் பொங்கி வந்தது. கார் 2008இல் வாங்கிய சிறிய பெட்ரோல் வண்டி. 15 ஆண்டுகள் முடிந்ததும் 2023இல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்து, 2028 வரை ஓட்டலாம் என்ற அனுமதியோடு வைத்திருக்கிறோம். அதற்கான கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. இவ்வளவு செலவழித்து உயிர் நீட்டித்த வண்டியைத் தண்ணீருக்குப் பறிகொடுக்க மனம் வரவில்லை. அந்த நிலையில் எங்களுக்குக் கைகொடுத்த, சென்னை ஆதம்பாக்கத்துப் பட்டறை ஒன்றின் வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பட்டறைக்காரர் தம் பெயரையோ கடையின் பெயரையோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்திருக்கிறேன். இருவர் மட்டுமே வேலை செய்யும் இடம். ஒரே நேரத்தில் மூன்று வண்டிக்கு மேல் எடுப்பதில்லை என்பது அவருடைய கட்டுப்பாடு.

அவரிடம் போவதற்கு முன்பு வேறொரு பெரிய பட்டறையில் காரைக் காட்டியிருந்தோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, முன்கண்ணாடியின் ஓரத்தில்தான் ஒழுகுகிறது என்று சொல்லி, கண்ணாடியைச் சுற்றிலும் சிலிக்கான் பூசி 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அக்டோபர் நடுவில், வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திய அந்தப் பெருமழை நாளில், எங்கள் கார் வீட்டு வாசலில் உயரமான இடத்தில்தான் நின்றது. சக்கரத்தின் பாதியளவுகூடத் தண்ணீர் ஏறவில்லை. இருந்தும் கார்பெட் முன்பைவிட அதிகமாக நனைந்திருந்தது. பூசிய சிலிக்கானால் வேறொரு கெடுதலும் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இக்காலத்துக் கார்களின் முன்கண்ணாடி யுரேத்தேன் பசையால் தகட்டோடு ஒட்டப்படுகிறது. அதன்மேல் சாதாரண சிலிக்கானைப் பூசினால் அது நெடுநாள் பிடித்து நிற்காது. பின்னாளில் முறையாக ஒட்ட முனையும்போது, முழுவதும் சுரண்டி எடுக்கப்படாத சிலிக்கானின் மேல் புதிய யுரேத்தேனும் பிடிக்காது. புளித்த வாடை வீசும் வகை சிலிக்கானாக இருந்தால், பெயின்ட் உரிந்த தகட்டில் துருவையும் தூண்டிவிடும். ஒழுகும் இடம் எது என்று தெரியாமல் பூசப்படும் எந்தப் பசையும் அடுத்து வரும் மெக்கானிக்கின் வேலையை இரட்டிப்பாக்குகிறது என்பதை இதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த மறுவாரம் ஆதம்பாக்கத்துக்குப் போனோம். பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கிவிட்டார். "தண்ணி எங்க நிக்குதுங்கிறது அப்புறம் சார். எப்ப வருதுன்னு முதல்ல சொல்லுங்க" என்றார். மழையில் நிறுத்தி வைத்தால் நனைகிறதா, மழையில் ஓட்டினால் நனைகிறதா, மழையே இல்லாமல் ஏசி போட்டு நீண்ட தூரம் போனாலும் நனைகிறதா, நிறுத்தும் இடத்தில் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கிறதா பள்ளத்தைப் பார்த்தா, அருகில் மரம் இருக்கிறதா, கடைசியாகக் கதவின் உள்பக்கத்தை யார், எதற்காகக் கழற்றினார்கள் என்று கால்மணி நேரம் கேட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கார் வெள்ளத்தில் நின்றதா என்றும் கேட்டார். நிற்கவில்லை என்று சொன்னேன்; அப்படியும் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, தகட்டில் வண்டல் படிந்த கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே அந்தப் பேச்சை விட்டார். கீழிருந்து ஏறிய வெள்ளத்துக்கும் மேலிருந்து இறங்கிய மழைக்கும் வைத்தியம் வேறு என்பதால் இந்த விசாரணை தேவையாயிருந்தது.

அடுத்ததாக, அந்த ஈரம் மழைத் தண்ணீர்தானா என்று சோதித்தார். வெள்ளைத் துணி ஒன்றைக் கார்பெட்டில் ஒற்றி, நிறத்தையும் வாடையையும் பார்த்தார். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் சிறு ரேடியேட்டரிலிருந்து கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நிறமேற்றிய திரவம், ஒழுகினால் துணியில் பச்சையோ சிவப்போ ஏறும், தொட்டால் பிசுபிசுக்கும், இனிப்பான ஒரு வாடை வரும், முன்கண்ணாடியின் உள்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படியும். எங்கள் காரில் இவை எதுவும் இல்லை. ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் நிறமும் வாடையும் இன்றித் தெளிவாக இருக்கும். சென்னைக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் ஒரு மணி நேர ஓட்டத்திலேயே அது கணிசமாகச் சேர்ந்துவிடும். அந்தத் தண்ணீரை வெளியேற்றும் சிறு குழாய் இடப்பக்கம் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டின் வழியே கீழே இறங்குகிறது. வண்டியை ஓடவிட்டு ஏசியைப் போட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தும் அடியில் சொட்டு விழவில்லை. குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. மண்ணை மெல்லிய கம்பியால் பக்குவமாக எடுத்ததும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் அரைக் குவளைக்கு மேல் கொட்டியது. காற்றழுத்தத்தைக் கீழிருந்து பலமாகச் செலுத்தினால் அழுக்கு மேலேறி உள்ளேயே அடைத்துக்கொள்ளும் என்பதால் அவர் கம்ப்ரஸரைத் தொடவே இல்லை. முதல் காரணம் இவ்வளவு எளிதாகக் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நான் நினைத்துவிட்டேன். அவர் நினைக்கவில்லை. மழையில் நிறுத்தி வைத்தாலும் நனைகிறது என்று நான் சொல்லியிருந்ததை நினைவுபடுத்தி, வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் போனபோது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, முன் இருக்கைகள் இரண்டையும் வெளியே எடுத்து, கார்பெட் முழுவதையும் உரித்துப் போட்டிருந்தார். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சி அது. மேலே தெரியும் துணி காய்ந்திருந்தாலும் அதன் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு பல லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைப் பிழியப் பிழிய வந்துகொண்டே இருந்தது. தகட்டில் மூன்று இடங்களில் துரு தொடங்கியிருந்தது. மேட்டை மாற்றி, வாசனைப் பொருளைத் தொங்கவிட்டுச் சமாளித்திருந்தால் இரண்டு வருடத்தில் தரை ஓட்டையாகி டிங்கர் வேலையில் போய் நின்றிருக்கும். வெயில் வந்த இரண்டு நாள் வெளியிலும், மூன்றாம் நாள் மின்விசிறிக்கு முன்னும் போட்டுக் காயவைத்தார். துருவைத் தேய்த்தெடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன்மேல் பெயின்ட்டும் அடித்தார். உலர்த்தும் நேரத்தைக் குறைக்க அவர் எந்த வகையிலும் சம்மதிக்கவில்லை.

கார்பெட் இல்லாத வெற்றுத் தகட்டோடுதான் தண்ணீர்ச் சோதனையை நடத்தினார். இந்தப் பட்டறையை நான் பிறருக்குச் சொல்வதற்கு முதல் காரணமே இந்தச் சோதனைதான். உதவியாளர் டார்ச்சுடன் உள்ளே உட்கார்ந்துகொண்டார். வெளியே இவர் சாதாரணத் தோட்டக் குழாயைப் பிடித்தார். அழுத்தமாகப் பீய்ச்சினால் மழையில் ஒழுகாத இடத்தில்கூடத் தண்ணீர் புகுந்து ஆளை ஏமாற்றிவிடும் என்பதால் மழை வழிவது போலத்தான் விட்டார். கீழிருந்து தொடங்கி மேலே போனார்: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கதவுக் கண்ணாடியின் ஓரம், பிறகு வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளம், அதன்பின் முன்கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது குற்றவாளி என்று தெரியாமல் செய்துவிடும். உள்ளே சந்தேகமான தகடுகளில் முகப்பவுடரைத் தூவியிருந்தார். தண்ணீர் ஓடிய பாதை பவுடரில் கோடாகத் தெரியும்; அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் புகும் இடம் கிடைத்துவிடும். தண்ணீர் தகட்டின் மடிப்புகளிலும் வயர்களின் மேலும் ஓடி இரண்டடி தள்ளி வந்து சொட்டும் என்பதால், சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தேடுவது பெரும்பாலும் வீணாகப் போகிறது.

கதவின் பங்கு அங்கேதான் தெரிந்தது. கார்க் கதவுக்குள் தண்ணீர் புகவே கூடாது என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. கண்ணாடிக்கும் அதன் வெளி ஓரத்து ரப்பர்ப் பட்டையான பீடிங்குக்கும் இடையே மழைத் தண்ணீர் எப்போதும் உள்ளே இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் இருக்கும் துளைகள் வழியே அது வெளியேற வேண்டும். அது காருக்குள் சிந்தாமல் தடுப்பது, உள்பக்க அட்டைக்குப் பின்னால் கதவுத் தகட்டில் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஷீட். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் இடப்பக்கப் பவர் விண்டோ மோட்டாரை மாற்றியவர் அந்த ஷீட்டைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமலேயே அட்டையை மாட்டியிருந்தார். அதனால்தான் கடைசியாகக் கதவைக் கழற்றியது யார் என்று முதல் நாளே கேட்டிருக்கிறார். புதிய கனமான பாலித்தீன் ஷீட்டை அளவெடுத்து வெட்டி, இறுகிப்போகாத ரப்பர்ப் பசை நாடாவான பியூட்டைல் டேப்பால் ஒட்டி, அடி ஓரத்தைக் கதவின் உள்பக்கமாகச் செருகிவிட்டார். அடி ஓரத்தை வெளியே விட்டு ஒட்டினால் தண்ணீர் அதன் மேலேயே ஓடி மறுபடி காருக்குள்தான் இறங்கும். வடிகால் துளைகள் மண்ணால் அடைந்திருந்தன. கதவை அசைத்தால் உள்ளே தண்ணீர் அலைமோதும் சத்தம் சில மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நாங்கள்தான் பொருட்படுத்தாமல் இருந்திருக்கிறோம்.

இரண்டாவது வாசல் வைப்பருக்குக் கீழே இருந்த பள்ளம். எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் உண்டு. அவற்றின் சிற்றிலைகள் அந்தப் பிளாஸ்டிக் மூடியின் சல்லடை வழியாகவே உள்ளே போய், இரு ஓரங்களிலும் உள்ள வடிகால்களில் மக்கி, சேறாக இறுகியிருந்தன. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கே குளமாகத் தேங்கி, ஏசி பிளோயர் காற்றை இழுக்கும் வாயின் விளிம்பைத் தாண்டி, பிளோயர் வழியாக நேரே இடப்பக்கக் கார்பெட்டில் இறங்கியிருக்கிறது. மூடியைக் கழற்றி இரண்டு கை நிறையக் கறுப்பு மக்கை அள்ளி எடுத்தார். இதற்கு எந்த உதிரிபாகமும் தேவைப்படவில்லை. மரத்தடியில் கார் நிறுத்துபவர்கள் செப்டம்பர் மாதத்தில் அந்தப் பள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, முன் சக்கரங்களின் பக்கமாக உடனே வழிகிறதா என்று பார்த்தால் போதும். மழை தொடங்கிய பிறகு பார்ப்பதில் பயன் குறைவு. சிலிக்கான் பூசப்பட்ட முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

நான் கொண்டுபோகாத ஒரு பழுதையும் அவர் கண்டுபிடித்தார். சில மாதங்களாகச் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சூட்டு முள் நடுக்கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கூலண்ட் பாட்டிலில் மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றி வந்தோம். வேறோர் இடத்தில் இது ஹெட் கேஸ்கட்டாக, அதாவது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடாக, இருக்கும் என்றும் அது பழுதாகி எண்ணெயில் கூலண்ட் கலக்கிறது என்றும் சொல்லியிருந்ததால் பயந்துபோய்த் தள்ளிப்போட்டிருந்தேன். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஏதோ படிந்திருந்ததுதான் அப்போது காட்டப்பட்ட ஆதாரம். இவர் எண்ணெய் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து எண்ணெய் சுத்தமாக இருப்பதைக் காட்டினார். குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் ஆவி படிந்தும் மூடியில் அப்படி வரும் என்று விளக்கினார். எஞ்சினைச் சூடேற்றிப் புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெண்புகை வருகிறதா, கூலண்ட் பாட்டிலில் இடைவிடாமல் குமிழிகள் வருகின்றனவா என்றும் பார்த்தார். இரண்டும் இல்லை. எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி அழுத்தம் ஏற்றி வைத்தார். இருபது நிமிடத்தில் முள் இறங்கியது. வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து பச்சைச் சொட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. பம்பின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால் தண்ணீர் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தத் துளையை வைக்கிறார்கள். ஓடும்போது சொட்டுவது சூட்டில் காய்ந்துவிடுவதால் தரையில் அடையாளம் இருக்காது. துளையைச் சுற்றி உப்புப் பூத்தது போல் காய்ந்த தடம் மட்டும் நிற்கும். அந்தத் தடத்தை எனக்குக் கைக்கண்ணாடி வைத்துக் காட்டினார்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றச் சொன்னார். 300 ரூபாய்ப் பொருளை விற்கப் பார்க்கிறார் என்று முதலில் தோன்றியதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மூடியில் 0.9 என்று எழுதியிருப்பது பார் அளவில் அது தாங்கும் அழுத்தம். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எஞ்சின் ஆறும்போது பாட்டிலிலிருந்து கூலண்ட் திரும்பி வராமல் மேல் ஹோஸ் சப்பிப்போவதும் உண்டு. எங்கள் ஹோஸ் காலை நேரத்தில் சப்பித்தான் இருந்தது. குழாய்த் தண்ணீர் ஊற்றி வந்ததால் உள்ளே துரு நிறம் ஏறியிருந்தது. இரண்டுமுறை அலசிவிட்டுப் புதிய கூலண்ட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதியாகக் கலந்து ஊற்றினார். தரையில் சிந்திய பழைய கூலண்ட்டை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது. அதன் இனிப்புச் சுவைக்காகத் தெரு நாய்களும் பூனைகளும் நக்கும்; அதிலுள்ள எத்திலீன் கிளைகால் அவற்றைக் கொன்றுவிடும்.

மின்சாரப் பழுது ஈரத்தின் பிள்ளைதான். மூன்று நாள் எடுக்காமல் வைத்தால் ஸ்டார்ட் ஆகாத கார் எங்களுடையது. இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி வாங்கிவிட்டோம். மீட்டர் வைத்துப் பார்த்ததில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. எஞ்சின் ஓடும்போது 14.1. ஆக, பேட்டரியும் அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரும் நலம். கதவுகளை மூடிப் பூட்டி அரைமணி நேரம் விட்டுப் பார்த்தபோது, 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டிய பேட்டரியின் மின் இழுப்பு 300க்கு மேல் இருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, சென்ட்ரல் லாக்கிங் இணைப்புக்கு வந்தார். இடப்பக்கக் கால்மாட்டில், நனைந்த கார்பெட்டின் ஓரத்தில், அந்த இணைப்பு பச்சை பூத்துக் கிடந்தது. வெட்டிச் சுத்தம் செய்து, புதிய முனைகளைப் போட்டு, முன்பைவிட ஒரு சாண் உயரத்தில் கட்டி வைத்தார்.

மொத்தத்தில் 9,700 ரூபாய் ஆனது. அதில் கார்பெட்டைக் கழற்றி உலர்த்தி மாட்டிய கூலி 2,500. வாட்டர் பம்பும் அதை மாற்றிய கூலியும் சேர்த்து 2,850. மீதி கதவு ஷீட், கூலண்ட், வயரிங் முதலியவற்றுக்கு. எங்கும் நனையாத கண்ணாடி ஓரத்துக்குக் கொடுத்த 3,500ஐ நினைத்துப் பார்க்கும்போது இந்தத் தொகை நியாயமானது. மாற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. திங்கட்கிழமை விட்ட வண்டி சனிக்கிழமை மாலைதான் கிடைத்தது. அவசரக்காரர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. தொலைபேசியை எடுக்க மாட்டார். நேரில் போனால்தான் நிலைமை தெரியும். உட்கார இடமில்லை. கையால் எழுதிய ரசீதுதான் தருகிறார். வேலைக்கு உத்தரவாதம் என்று எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. கதவு அட்டையின் கிளிப்புகளில் இரண்டு உடைந்ததில் ஒன்றுக்கு மாற்றுப் போடவில்லை. கரடுமுரடான சாலையில் இன்னும் அது படபடக்கிறது. இவற்றைவிட முக்கியமான ஒன்று: நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மழையில் முன்பக்கம் முழுதும் காய்ந்திருந்தும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. முதல் சோதனையில் அவர் காரின் பின்பகுதிக்கு வரவே இல்லை. நான் முன்பக்கத்தைப் பற்றி மட்டுமே புகார் சொன்னேன் என்றாலும், கூரைவரை போனவர் பின்னாலும் ஒருமுறை குழாயைப் பிடித்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

திரும்பக் கொண்டுபோனபோது அவர் தட்டிக்கழிக்கவில்லை. "பின்னாடி பார்க்காதது என் தப்பு சார்" என்று சொல்லிவிட்டு, உதவியாளரை டிக்கிக்குள் உட்கார வைத்து, அதே பவுடர், அதே குழாயோடு தொடங்கினார். வலப்பக்கப் பின்விளக்கின் பின்னால் இருந்த பஞ்சு கேஸ்கட் நொறுங்கித் தூளாகியிருந்தது. விளக்கைக் கழற்றிப் புதிய கேஸ்கட் வைத்தார். அதற்கு 350 ரூபாய் மட்டும் வாங்கினார், கூலி வாங்கவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்து மழையில் குழி உலர்ந்தே இருந்தது. சூட்டு முள் இப்போது நடுக்கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது, கூலண்ட் பாட்டிலின் அளவு இரண்டு மாதமாக மாறவில்லை, எட்டு நாள் நிறுத்தி வைத்த வண்டி முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆனது. முன்கண்ணாடியில் பூசிய சிலிக்கானைச் சுரண்டி எடுக்கும் வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. மழை முற்றிலும் ஓய்ந்த பிறகு, பொங்கல் கழித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.